குறுக்கே போன அரை நொடி

விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் படம் எடுக்க வேண்டுமென்றால், அதன் பாதை எந்தத் தெருவுக்கு மேல் விழுகிறதோ அந்தத் தெருவுக்கு நாம்தான் போக வேண்டும். திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட் மொட்டைமாடிக்கு அது வராதாம். அந்தப் பாதையின் நடுக்கோடு சென்னீர்குப்பத்தில் விழுகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மொத்தமே அரை நொடிதான், அதற்குள் சூரியனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும்.

எனக்கு அந்த அரை நொடி மேல் ஆசை ஒன்றும் இல்லை. என் கவலையெல்லாம் அவர் கண் மேல். பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது, ஊசி போட்டால் மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, "அந்தாளு கெடக்கான், எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்று ஒரே பிடிவாதம். நான் விடுவேனா? நச்சரித்த நச்சரிப்பில் ஒருநாள் கத்தியே விட்டார். "சூரியன் மேல அது போறத எடுத்து, படத்துல எதுன்னு காட்டுறேன். காட்டிட்டேன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. காட்டலைன்னா ஊசி போட்டுக்கறேன், போதுமா?"

சரி, வாங்க பாத்துடலாம் என்றேன்.

முதல் நாளே போய் சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியைக் கேட்டு வைத்தோம். கீழே டிபன் கடை நடத்துகிற அம்மாவின் வீடு. தாராளமா வாங்கக்கா என்று சொன்னவள், மறுநாள் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் மாடிக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறாள். கடையில் அடுப்பு எரியவில்லை. மாவுப் பாத்திரத்தில் தர்ப்பைப் புல் கிடக்கிறது.

"இன்னாக்கா நீங்க, கிரகணத்தன்னிக்குப் போய் மாடிக்குப் போறேன்றீங்க! ஊட்ல மருமவ மாசமா கீறா. ஜன்னல எல்லாம் சாத்தி உள்ள படுக்க வெச்சிக்கீறேன். முடிஞ்சி தலைக்கு ஊத்திக்கினாத்தான் கதவத் தொறப்பேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் இவர்தான் அவளிடம், "நாளைக்குச் சூரியனுக்குக் குறுக்க ஒண்ணு போகுதும்மா" என்று பெரிய ஞானி மாதிரி சொல்லிவிட்டு வந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவரை ஒரு முறை முறைத்தேன்.

அவர் பூமி, நிழல், சுற்றுப்பாதை என்று ஆரம்பித்தார். அவள் அசையவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் கேட்டேன். "கிரகணம்னா உங்க காலண்டர்ல போட்டிருக்கணுமில்ல? கொஞ்சம் பாருங்களேன்."

உள்ளே போய்த் தினசரிக் காலண்டரைக் கையோடு எடுத்து வந்தாள். ராகு காலம், எமகண்டம், சூலம் என்று விரல் வைத்துப் படித்தாள். "ஒண்ணியும் போடலியே! அப்ப நான் காத்தால யாவாரத்த உட்டுட்டு ஒக்காந்துகினு கீறேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சாவியை எடுத்தாள். மருமகளுக்கும் குரல் கொடுத்தாள், ஜன்னலைத் திறந்துக்கோடி என்று.

அவளும் எங்களோடு மேலே ஏறி வந்தாள். மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. டெலஸ்கோப் குழாயின் வாயில் சூரிய வடிகட்டியை மாட்டியது அவர். கேமராவில் ஃபோகஸ் வைக்கும்போது மட்டும், "கண்ணு கூசுது, நீ பண்ணு" என்றார். நானே வைத்தேன். வீடியோ ஓட ஓட, மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அவர் கையில் இருந்த ஃபோன் நேரத்தைச் சொன்னது, அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மாடிப்படி நிழலில் லேப்டாப்பை வைத்து, தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு படம் படமாகத் தள்ளினேன். அடேயப்பா, இருந்தது! சூரியனின் இடது ஓரத்தில், இரண்டு பக்கமும் இறக்கை வைத்த குட்டிப் பூச்சி போல, அத்தனை துல்லியமாக. சந்தோஷத்தில் கத்த வாயெடுத்து, அப்படியே அடக்கிக்கொண்டேன். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தார். முகத்தைக் கிட்டே கொண்டு போனார், தள்ளி வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இதானே?"

அது சூரியனிலேயே இருக்கும் கரும்புள்ளி. கரும்புள்ளி எது, குறுக்கே போவது எது என்று ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன்.

"அதான் சார், அதே தான்!" என்று கடைக்காரம்மா கையைத் தட்டினாள். அவளுக்கு எது என்று என்ன தெரியும், பாவம். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போகலாம்.

"அது இல்லைங்க" என்றேன்.

அவர் விரலைப் பிடித்து, இடது ஓரத்துக்கு நகர்த்தி, சரியான இடத்தில் வைத்தேன். விரல் அங்கேயே இருந்தது. கண்கள் அதைச் சுற்றிச் சுற்றித் தேடின. கடைக்காரம்மா சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல், மெல்லக் கேட்டார்.

"அந்த ஊசிய நேரா கண்ணுக்குள்ளயேவா குத்துவாங்க?"