டிக் இல்லாத வரி

அன்று மூன்று மணிக்கு எனக்கு நேர்காணல். பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். மூன்று பேராசிரியர்கள் வெப்கேம் வழியாகக் கேள்வி கேட்பார்கள். தவறவிட்டால் மறு தேதி கிடையாது என்று மின்னஞ்சலில் கறாராக எழுதியிருந்தார்கள். இரண்டேகாலுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். இணையம் வரவில்லை.

முதலியார்பேட்டை வீட்டில் அப்போது அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரவுட்டரை அவரே வாங்கி, அவரே எல்லாவற்றையும் அமைத்தார். வேறு யார் கையும் அதில் படக்கூடாது. ஒவ்வொரு கணினிக்கும் அதற்கென்று ஓர் எண் உண்டு. அந்த எண் தன் பட்டியலில் இருந்தால்தான் ரவுட்டர் வயர்லெஸ்ஸில் உள்ளே விடும்படி வைத்திருந்தார். வீட்டுக்கு வரும் என் சிநேகிதிகளின் லேப்டாப்பைக்கூட வாங்கிக் கவிழ்த்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் கொடுப்பார். எனக்கு மானம் போகும்.

முந்தின நாள் மதியம் வரை நன்றாகத்தான் வேலை செய்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ரவுட்டரையும் அணைத்துப் போட்டேன். கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தேன். இணைகிறது, இணைகிறது என்று காட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் கைவிரித்தது. மணி இரண்டரை.

அப்பாவை எழுப்பலாம். ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் வீட்டில் சியெஸ்த், மதியத் தூக்கம். காலிங் பெல்லுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிட்டுப் படுப்பவர் அவர். அந்த நேரத்தில் அவர் கதவைத் தட்டி நல்ல பெயர் வாங்கியவர்கள் யாரும் இல்லை. அடுத்த தெரு நெட் சென்டருக்கு ஓடலாம் என்றால், அவர்களும் மதியத் தூக்கத்துக்கு ஷட்டரை இறக்கியிருப்பார்கள். இந்த ஊரை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன்.

ஹாலில் இருந்த அப்பாவின் கணினியைப் போட்டுப் பார்த்தேன். அது கேபிளில் ஓடுவது. அதில் இணையம் ஜோராக வந்தது, ஆனால் அதற்குக் கேமரா இல்லை. கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகவும் வழியில்லை. அந்தத் துளை உடைந்து மாதக்கணக்கில் ஆகிறது. ஆக, ரவுட்டருக்கு ஒன்றும் இல்லை. என் லேப்டாப்பை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்கிறது.

அப்பாவின் கணினியிலிருந்தே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. அம்மாவின் பிறந்தநாள், இல்லை. கல்யாண நாள், இல்லை. பிறகுதான் தோன்றியது, ராணுவத்தில் அவருடைய எண். பள்ளி விண்ணப்பத்திலிருந்து பாஸ்போர்ட் வரை எத்தனை தாள்களில் அதை நான் நிரப்பியிருப்பேன். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவக்காரர் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண் வரும். அடித்தேன். திறந்தது.

பக்கம் முழுக்க பிரெஞ்சு. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டியலைப் பிடித்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பெயரும், உள்ளே விடலாம் என்பதற்கு ஒரு டிக்கும். சிநேகிதிகள் இருவருக்கும் டிக் இருந்தது. இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கும் அம்மாவின் லேப்டாப்புக்கும் இருந்தது. 'மகள்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்த வரியில் மட்டும் இல்லை.

டிக் தானாகப் போகாது. அதை அங்கேயே நானே போட்டிருக்கலாம், மணி இரண்டு நாற்பதுதான். போடவில்லை. எழுந்து போய் அவர் கதவைத் தட்டினேன், தட்டவில்லை, குத்தினேன்.

கதவு உடனே திறந்தது. அவர் படுக்கவே இல்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"என் டிக்கை எடுத்தது நீங்களா?"

"நேத்து சாயங்காலம் எடுத்தேன்" என்றார். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"நீங்களே வந்து போடுங்க."

வந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுட்டியை அந்த வரிக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு டிக்கைப் போட்டு, சேமி என்பதை அழுத்தினார். ரவுட்டர் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. அது மறுபடி எழ இரண்டு நிமிடம் ஆகும்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீயும் போயிட்டா, இதுல நான் யாருக்குப் போடறது?"

எனக்குப் பாவமாக இருந்தது. ஆத்திரமும் அடங்கவில்லை. ஒரு விளக்கு எரிந்தது, பிறகு இன்னொன்று. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன். இரண்டு ஐம்பத்தாறுக்கு இணைந்தது.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. பாடத்தைப் பற்றிக் கேட்டார்கள், சமாளித்தேன். கடைசியில் நடுவில் இருந்த அம்மையார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா மட்டும் என்றேன். நீங்கள் இங்கே வந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்றார். கதவுக்கு வெளியே அப்பா நிற்பது எனக்குத் தெரியும். நிழல் கீழ் இடுக்கில் விழுந்திருந்தது.

"அவர்தான் என்னை அனுப்பி வைக்கிறார்" என்று பிரெஞ்சில், வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்.