பனியில் கரைத்த பச்சை பெயிண்ட்

ஏர்பிரஷ் வேலையில் பெயிண்ட் அடிப்பது கால்வாசி, அதைக் கரைப்பது முக்கால்வாசி. தெரியாமல் இதில் வந்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, வயிறு வலிக்கச் சிரிக்க என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் பெயிண்டைக் கலக்கிவிடலாம்.

பால் பதம்

குன்னூரில் எங்கள் வீட்டுக்கும் செல்வராஜ் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பெயிண்டைக் காற்றோடு தெளிக்கும் ஒரே ஏர்பிரஷ்ஷுக்கு அவரும் நானும் பங்காளிகள். பொம்மை ரயில்களுக்குப் பெயிண்ட் அடித்து டூரிஸ்ட் கடைகளுக்குக் கொடுப்போம். அக்ரிலிக் பெயிண்டில் தின்னர் விட்டு, கப்பின் ஓரத்தில் பால் மாதிரி வழிகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் எங்கள் வீட்டுப் பாலை அளவாக வைத்துக்கொண்டேன். அதில் பாதி தண்ணீர். என் முதல் ரயிலில் ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் நீலம் ஒழுகி நின்றது. கடைக்கார அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த ரயிலு எதுக்குங்க அழுவுது?"

வந்துங்க...

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஹெட்மாஸ்டர், மினி பஸ் கண்டக்டர், யார் குரலும் வரும். அப்போது அண்ணன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஒன்றைப் பொம்மையாகச் செய்துகொண்டிருந்தார். அவர் அப்பா எஸ்டேட்டில் முப்பது வருடம் ஓட்டிய அதே லாரி, இடது மட்கார்டு நசுங்கல் உட்பட. திங்கட்கிழமை அப்பா ரிட்டையர் ஆகிறார். அன்று காலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பச்சை அடிப்பது மட்டும்தான் பாக்கி.

அண்ணன் பெயிண்ட் வாங்கும் கோயமுத்தூர் கடைக்காரர், தொண்டையைச் செருமி "வந்துங்க" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். சனிக்கிழமை, அண்ணனுக்கு இன்னும் தெரியாத அம்மாவின் புது நம்பரிலிருந்து அவரைக் கூப்பிட்டு நானும் செருமினேன். "வந்துங்க, இது என்ற புது நம்பருங்க. உங்க ஊர்ப் பனியே பாதித் தண்ணிதானுங்க, தின்னர் எதுக்குங்க? கப்பைத் தொறந்து ஜன்னல்ல ஒரு மணி நேரம் வெச்சீங்கன்னா, தானா பால் பதத்துக்கு வந்துருமுங்க." தலையணையைக் கடித்துச் சிரித்தேன். சிரித்து முடித்து, சொல்லிவிடலாம் என்று போனால், ஜன்னலில் கப், வெளியே பனி, அண்ணன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாரு கண்ணு, எவ்வளவு நல்ல மனுசன்! நாம கேக்காமயே கூப்புட்டுச் சொல்றாரு."

அம்மை போட்ட லாரி

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? டியூஷன் என்று நழுவினேன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். பெயிண்ட் கரையவில்லை, மேலே ஆடை கட்டி இன்னும் கெட்டியாகியிருந்தது. அதையே ஊற்றி அடித்திருக்கிறார். ஏர்பிரஷ்ஷின் நாசில் முனை அடைத்து அடைத்துத் துப்பியதில் லாரி முழுக்கப் பச்சைக் கொப்புளம். மூன்று மாத வேலை. அண்ணன் கடைக்காரரைத் திட்டட்டும், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று காத்து நின்றேன். அவர் லாரியைத் துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னார்:

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல கண்ணு. நேத்து பனி பத்தல."

மறுபடியும் வந்துங்க

வீட்டுக்கு ஓடினேன். சொந்தக் குரலில் சொல்லத் தைரியமில்லை. "வந்துங்க, நேத்து நான் சொன்னது தப்புங்க, மன்னிச்சுக்குங்க. ஸ்பிரிட்ல பஞ்ச நனைச்சுப் பழச எடுத்துருங்க. பெயிண்ட் மூணு சொட்டுக்குத் தின்னர் ரெண்டு சொட்டு. மெல்லிசா மூணு கோட் அடிங்க, இன்னிக்கே முடிஞ்சுருமுங்க. அந்த இடது மட்கார்டு நசுங்கல்ல மட்டும் பெயிண்ட் தேங்காமப் பாத்துக்குங்க."

இன்னொரு தடவை செருமிப் பார்த்தேன். அப்புறம் அண்ணன் குரல், போனிலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலுமாகச் சேர்ந்து வந்தது.

"ஏங்கண்ணு, என்ற அப்பன் லாரி நசுங்குனது கோயமுத்தூர் வரைக்கும் தெரியுதா?"

அன்று இருட்டும்வரை லாரிக்கு மூன்று கோட் பச்சையும் நான்தான் அடித்தேன், யார் குரலிலும் ஒரு வார்த்தை பேசாமல்.