ஒட்டி உட்கார்ந்த ஞாயிறு

பிழைக்கப் போன அந்த அயல்நாட்டில் எந்த மாடியில் லிஃப்ட் கதவு சிக்கினாலும் மெக்கானிக்கான அவர் ஐந்தே நிமிஷத்தில் திறந்துவிடுவார். மனைவி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் எந்த ஸ்க்ரூவைத் திருப்புவதென்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். குடியிருப்பின் பொது வாஷிங்மெஷினில் அவர்கள் முறை வந்த நேரத்தில் மனிதர் தூங்கிப்போனார்.

"இனி வெள்ளிக்கிழமைதான் நம்ம முறை. அதுவரைக்கும் எதை உடுத்துறது?" என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து அவள் அம்மா வீடியோவில் அழைத்தார்.

தெரிந்தால் அங்கே பதறிப்போவார்கள் என்று இருவரும் ஓடிப்போய் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவர் அவள் தோளில் கை போட்டார். அவள் பல் தெரியச் சிரித்தாள்.

"எதுக்கு மாப்ளே சண்டை?" என்றார் மாமியார்.

"சண்டையா? எங்களுக்குள்ளயா அத்தை?"

"மத்த நாள்ல நீங்க ஒரு மூலை, அவ ஒரு மூலை. இன்னைக்குத்தான் கல்யாண போட்டோ மாதிரி உக்காந்திருக்கீங்க."

மனைவி தோளில் கிடந்த கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பாடா! நீயே கேளும்மா" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.