அத்தானின் பெற்றோல் மூடி

என் அத்தான் இராஜநாயகம் எதையும் திறந்து வைக்கமாட்டார். பால்மாப் பைக்கற்றுக்கு உடுப்புக் கிளிப். பிஸ்கட் டின்னைச் சுற்றி டேப். வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் வீடு. ஆனால் கடற்பக்க யன்னல் திறந்திருந்து நான் பார்த்ததில்லை. உப்புக்காற்று பட்டால் இரும்பெல்லாம் கறள் பிடித்துவிடும் என்பார். புறக்கோட்டையில் மருந்து இறக்குமதி செய்கிற ஒரு கம்பனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழித்தவர். அங்கே ஈரமும் காற்றும் எலியும் அவருக்கு எதிரிகள். ஓய்வுபெற்ற பிறகு அவை தன்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன என்று நினைத்தாரோ என்னவோ.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருடம், காலி வீதிக் கியூவில் இரண்டு தடவை நின்று, காருக்குள்ளேயே படுத்து எழும்பி, டாங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். அதன்பிறகு காரை அசைக்கவில்லை. பற்றரி இறங்கிவிடாமல் வெள்ளிக்கிழமைகளில் ஒரு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவார். சந்தைக்குப் போகக் கேட்டாலும், “அது அவசரத்துக்கு” என்பார். ஒரு விடியற்காலை அவர் எழும்பவில்லை. அன்றைக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

பொரளையில் எரித்தோம். அஸ்தியை முப்பத்தோராம் நாள் முகத்துவாரத்தில் கரைத்து, அந்தியேட்டிக் கிரியையையும் அங்கேயே செய்வதென்று முடிவாயிற்று. பிள்ளைகள் இல்லை, காரியம் செய்ய நான்தான். ஐயர் சைக்கிளில் வருவதாகச் சொன்னார். மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டு இன்னோர் இடத்துக்கு மிதிக்க வேண்டும், பிந்தினால் நிற்கமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். வாடகை வான் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அத்தானின் மனைவி, என் அக்கா பத்மாவதி ஏறியிருக்கமாட்டாள்.

“அவற்ற கார்ல கொண்டு போவம். இதைவிட என்ன அவசரம் வரப்போகுது?”

அஸ்திப் பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் இருந்தாள். நான் திறப்பை முதல் தடவை திருகியதுமே கார் ஸ்டார்ட் ஆயிற்று. பம்பலப்பிட்டி வரவும் இருமியது, நின்றது. திறப்பைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கிறது, இரண்டு மூச்சு ஓடி அணைந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கொள்ளுப்பிட்டியில் மறுபடி நின்றது. பெற்றோல் கியூவில் கிடந்த திரீவீல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, எஞ்சின் கொயில் சூடாகிவிட்டது என்று சிங்களத்தில் சொல்லி, தன்னுடைய குடிதண்ணீரில் துணி நனைத்து அதன்மேல் போட்டார். பத்து நிமிடம் பொறுத்தோம். ஸ்டார்ட் ஆயிற்று. துணியில்தான் விஷயம் என்று நம்பிக்கொண்டு போனேன். கொட்டாஞ்சேனையில் நின்றபோது துணி ஈரமாகத்தான் இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. தள்ளுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

“நப்ரீஸ்ட கராஜ் அடுத்த ஒழுங்கைதான்,” என்றாள் அக்கா. “அவர் காரை எப்பவும் அங்கதான் திருத்தக் குடுப்பார்.”

ரோட்டில் நின்ற இரண்டு பேர் தள்ளித் தந்தார்கள். கராஜில் வேலை எதுவும் இல்லை. நப்ரீஸ் பழக்கத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். காரைக் கண்டதும் சிரித்தபடி எழும்பி வந்தார்.

“அட, மூடி அங்கிள்ட காரு! எங்க அன்ட்டி, அங்கிள் வரல்லையா?”

அக்கா மடியில் இருந்த பானையைக் கொஞ்சம் உயர்த்தினாள். “வந்திருக்கிறார்.”

நப்ரீஸுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு பொனற்றைத் திறந்தார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். காபரேற்றரைக் கழற்றி ஊதிப் பூட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எஞ்சின் அழகாக ஓடியது.

“சரி, இனிப் பயமில்ல. லண்டனுக்கே போகலாம்.”

அவர் கையைத் துடைத்து முடிக்குமுன் இருமி நின்றது.

“லண்டன் வந்திட்டுதோ தம்பி?” என்றாள் அக்கா.

நப்ரீஸ் தலையைச் சொறிந்தார். “அப்ப இது பெற்றோல்தான். இந்த நாள்ல மண்ணெண்ண கலந்து அடிக்கிறாங்க. டாங்கத் தொறந்து மணந்து பாக்கோணும். சாவியத் தாங்க.”

அக்காவின் முகம் மாறியது. டாங்க் மூடியின் திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

“அதைத் திறக்க வேண்டாம். அந்த மனிசன் இரவிரவா நிண்டு அடிச்சது. ஒருத்தரையும் தொட விடேல்லை.”

“தொறக்காம எப்பிடி அன்ட்டி பாக்கிற?”

“அக்கா, ஐயர் போயிடுவார்,” என்றேன். “இண்டைக்குச் செய்யாட்டி பிறகு எப்ப செய்யிறது?”

பானையை என் கையில் தந்துவிட்டு அவளே இறங்கிப் பின்பக்கம் போனாள். திறப்பைப் போட்டாள். மூடி லேசில் சுழலவில்லை, அவ்வளவு இறுக்கம். நப்ரீஸ் உதவிக்கு வந்தபோது தள்ளி நில்லுங்கோ என்றாள். மூடி கழன்றது. அடியில் டாங்கின் வாயை ஒரு பொலித்தீன் சொப்பிங் பை மூடியிருந்தது. இரண்டாக மடித்து, கழுத்தில் றப்பர் பான்ட் போட்டு இறுக்கியிருந்தார் அத்தான். பை உள்ளே இழுபட்டுக் கிண்ணம்போலக் குழிந்து கிடந்தது. அக்கா றப்பர் பான்டை உருவினாள். உஸ்ஸென்று டாங்க் காற்றை இழுத்தது.

நப்ரீஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “யா அல்லாஹ்! பெற்றோல் போகப் போக உள்ள காத்து வரோணும் அன்ட்டி. காத்து இல்லாட்டி எஞ்சின் எப்பிடி பெற்றோல இழுக்கிற? அங்கிள் காத்துப் போற ஓட்டையயும் சேத்து மூடிட்டாரு.”

“ஆவியாப் போயிடும் எண்டிருப்பார்,” என்றேன்.

“அந்தாள் எனக்கே ஒரு யன்னல் திறக்க விடேல்லை. காருக்கு விடுவாரோ?” சிரிக்க வெளிக்கிட்டவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு ஒரு வெற்றுப் போத்தலைக் காட்டி, “தம்பி, உதுக்குள்ள கொஞ்சம் எடுத்து வையுங்கோ. உங்களுக்கும் ஒரு அவசரம் வரும்,” என்றாள்.

“ஐயோ அன்ட்டி, அங்கிள் கேட்டா?”

“கேக்கிற இடத்தில அவர் இல்லை. எடுங்கோ.”

பையில்லாமல் மூடியை மட்டும் பூட்டினோம். கார் நிற்கவேயில்லை. முகத்துவாரத்தில் ஐயர் சைக்கிளில் ஒரு கால் போட்டபடி நின்றார். எங்களைக் கண்டு காலை எடுத்தார். மந்திரங்களைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று பானையைக் கவிழ்த்தேன். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் சாம்பல் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது அக்கா அந்தச் சொப்பிங் பையை மடியில் வைத்து, சுருக்கம் நீவி, சின்னதாக மடித்துக்கொண்டு வந்தாள். பெற்றோல் மணம் கார் முழுக்க இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கடற்பக்க யன்னலுக்குப் போனாள். கொளுக்கி அசையவில்லை. இத்தனை வருடம் மூடியே கிடந்தும் கறள் பிடித்திருந்தது. நான் பலகைக்கட்டையால் தட்டித் திறந்துவிட்டேன். காற்று குபீரென்று வந்து கலண்டர்த் தாள்களைப் புரட்டியது. அத்தானின் படத்துக்குப் போட்டிருந்த மாலை ஆடியது. அக்கா கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். பாதி குடித்தாள்.

பிறகு எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள்.

“உப்புக்காத்து,” என்றாள். “ஃபானெல்லாம் கறள் பிடிச்சிடும்.”