ஒன்பதாம் பகுதியில் பேசாத தங்கை

நிவா கியோதகா எந்த அனிமே கார்ட்டூன் தொடரையும் மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை எல்லாரையும் போல. இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாம் தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால் மட்டும். ஒலி இல்லாமலே கதை புரிந்தால் வரைந்தவர்கள் பிழைத்தார்கள். படம் இல்லாமலே புரிந்தால் எழுதியவர் பிழைத்தார். இரண்டிலும் புரியவில்லை என்றால், இசையைப் போட்டு நம்மை அழவைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

தோக்கியோவை அடுத்த கவகுச்சியில் பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் கூடத்தில் அவருக்கு வேலை. ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவு பெரிய அண்டாக்களைக் கழுவுவார். நாள் முழுக்க ஆவியும் நீரின் இரைச்சலுமாக இருப்பதால் அங்கே யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பேஸ்பால் பேசுவார்கள். ஒருமுறை காய் நறுக்கும் அம்மாள் விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அனிமே பார்த்து விமர்சனம் எழுதுவேன் என்று நிவா உண்மையைச் சொன்னார். "என் பையனும் அப்படித்தான். காலேஜ் போனா சரியாயிடும்," என்று அந்த அம்மாள் ஆறுதல் சொன்னார். நிவாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

விமர்சனங்களைத் தொகுத்து, ஆண்டுக்கு இரண்டு தடவை தன் செலவில் சிறு புத்தகமாக அச்சடிப்பார். பெயர் 'மூன்றாம் தடவை'. ரசிகர்கள் தாங்களே எழுதி வரைந்து அச்சிட்டதை விற்கும் சந்தை, தோக்கியோவின் கடலோர மண்டபத்தில் கூடும். கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று. அங்கே அரை மேசை கிடைக்கும். அரை மேசைக்கு இரண்டு மடக்கு நாற்காலி, இரண்டு நுழைவுச் சீட்டு. தனி ஆளாக வந்தாலும் இரண்டுதான் தருவார்கள். நிவாவின் இரண்டாவது நாற்காலி ஏழு வருடமாகக் காலி.

அதற்கு முன் அதில் மிகுனி உட்கார்ந்திருந்தார்.

கல்லூரியில் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'மூன்றாம் தடவை'. இரண்டாம் தடவை நிவாவுடையது, மூன்றாம் தடவை மிகுனியுடையது. மிகுனிக்குக் காதுதான் எல்லாம். பாத்திரங்கள் பேசவேண்டும், பேசிப் பேசியே தங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பார். நிவா அதற்கு நேர் எதிர். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் குடும்ப உணவகத்தில் ஒரு குளிர்பானத்துக்குக் காசு கொடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். அந்த ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுக்கச் சண்டை போடுவார்கள். சாகப்போகும் வில்லனுக்குச் சாவதற்கு முந்தின வாரம் மட்டும் ஏன் சோகமான குழந்தைப் பருவம் முளைக்கிறது? உச்சக்கட்டம் வந்ததும் மந்திரத்தின் விதிகள் ஏன் மாறுகின்றன? பரிமாறும் பெண் மேசையைத் துடைக்க வந்தால், துடைத்து முடியும் வரை வாயை மூடிக்கொண்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

மிகுனிக்கு ஒரு படநிறுவனத்தில் எழுதும் வேலை கிடைத்தது. அவருடைய முதல் தொடரின் கடைசிப் பகுதியில், நாயகி ரயில் மேடையில் நின்று தன் மனதில் இருந்ததை எல்லாம் அண்ணனிடம் கொட்டித் தீர்க்கிறாள். நிவா எழுதினார்: 'அவள் அண்ணனிடம் பேசவில்லை, நம்மிடம் பேசுகிறாள். எழுதியவருக்கு நம்மேல் நம்பிக்கை இல்லை.' அச்சுக்குப் போகும் முன் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நண்பனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று நினைத்தார். மிகுனி உணவகத்தில் அதைப் படித்தார், தன் பங்குக் காசை மேசையில் வைத்தார், போனார். அதோடு சரி.

பிறகு நிவா அந்த உணவகத்துக்குப் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மிகுனியின் மூன்றாம் தடவையையும் தானே செய்தார். மறுத்துப் பேச ஆளில்லாமல் போனதும் அவர் கட்டுரைகள் நீண்டன. எதிராளி சொல்லக்கூடியதை எல்லாம் அவரே எழுதி, அவரே பதில் எழுத வேண்டியிருந்தது.

இந்த இலையுதிர் காலத்தில் மிகுனி எழுதிய புதுத் தொடர் ஒன்று வந்தது. வடக்கே ஒரு மீன்பிடி ஊர், இரண்டு சகோதரிகள். அக்கா ஒருநாள் சொல்லாமல் போய்விடுகிறாள். ஒன்பதாம் பகுதியில் திரும்பி வருகிறாள். தங்கை கதவைத் திறக்கிறாள், உள்ளே போகிறாள், அரிசி களைகிறாள், இரண்டு கிண்ணம் எடுத்து வைக்கிறாள். இருவரும் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

நிவா ஒலியை அணைக்கப் போனார். அணைக்கத் தேவையே இல்லை. இது மிகுனி தனக்கு எழுதிய பதில் என்று தோன்றியது. ஏழு வருடம் கழித்து, எனக்கு இப்போது நம்பிக்கை இருக்கிறது பார் என்கிறான்.

பகுதியின் முடிவில் வரும் பெயர்களை நிவாதான் ஒன்று விடாமல் படிப்பவர். திரைக்கதை ஒருவர் எழுதுவார். அதைக் காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு வரைபவர் இன்னொருவர். எழுதியது பாதி அந்தக் கட்டங்களுக்குள்தான் மாறும். யாரைத் திட்டினாலும் பாராட்டினாலும் இரண்டு பெயரையும் பார் என்று புதியவர்களுக்கு அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்கு மிகுனியின் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இங்கே யானைக்குச் சறுக்க ஆசையாக இருந்தது.

குளிர்கால இதழில் ஆறு பக்கம், ஒன்பதாம் பகுதியின் மௌனத்துக்காகவே. இரண்டாவது நுழைவுச் சீட்டை உறையில் போட்டு மிகுனியின் நிறுவன முகவரிக்கு அனுப்பினார். கூட எதுவும் எழுதவில்லை.

சந்தையன்று பக்கத்து அரை மேசையில் ஹொசொனோ என்ற பெண். அனிமேக்களில் வரும் வானங்களைப் பற்றி மட்டும் புத்தகம் போடுபவள். இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இடம் அமைவதால், தன் பெரிய பையை நிவாவின் காலி நாற்காலியில் வைப்பது அவளுக்குப் பழக்கம். இம்முறை நிவா தடுத்தார்.

"இன்னிக்கு ஆள் வருது."

"அடேங்கப்பா. நிவா சாருக்கு ஆளா?" என்றாள். பையைக் காலடியில் தள்ளிக்கொண்டாள்.

காலை போனது. சிலர் மாதிரிப் பிரதியைப் புரட்டி, தலைகுனிந்து வணங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நிவா சோற்றுருண்டையைக்கூட மேசைக்குக் கீழே மறைத்துத்தான் தின்றார், வாய் நிறையச் சோறு இருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

கூட்டம் கரையத் தொடங்கியபோது மிகுனி வந்தார். முடி நரைத்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கமே நின்று, மாதிரிப் பிரதியை எடுத்து, ஆறு பக்கத்தையும் படித்தார். நிவா நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தார். மிகுனி அதைப் பார்த்தார், உட்காரவில்லை.

"நல்லா எழுதியிருக்கே," என்றார். "ஆனா ஆளு தப்பு."

நிவாவுக்குப் புரியவில்லை.

"நான் அந்த இடத்துக்கு ரெண்டு பக்கம் வசனம் எழுதிக் குடுத்தேன்டா. கட்டம் போட்ட பொண்ணு மொத்தத்தையும் வெட்டிட்டா. நான் சண்டை போட்டேன், தோத்துட்டேன். நான் தோத்த இடத்துக்குத்தான் நீ மாலை போட்டிருக்கே."

ஹொசொனோ தன் வானங்களை அடுக்குவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன எழுதியிருந்தே?" என்று நிவா கேட்டார்.

மிகுனி பிரதியை மூடி மேசையில் வைத்தார். பிறகு, அந்தக் கூட்டத்தில், தாழ்ந்த குரலில் தங்கையாகப் பேசினார். "நீ போன அன்னிக்கும் ரெண்டு பேருக்குத்தான் வடிச்சேன். மறுநாளும் அப்படித்தான். கை கேக்கல. உன் பங்கை நானே தின்னேன். அதான் குண்டாயிட்டேன், பாத்தியா."

நிவாவுக்குக் கடைசி வரியில் சிரிப்பு வந்தது. இந்தக் குரலைத்தான் அவர் இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கற்பனை செய்துகொண்டிருந்தார். மிகுனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று நிவாவுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் நாற்காலி நிறையும்.

"அழகா இருக்கு," என்றார். "ஆனா அவ இதைச் சொல்லமாட்டா. ரெண்டாவது கிண்ணத்தை வெச்சதுலயே வந்துருச்சு, மிகுனி. வெட்டினது சரி."

மிகுனி மெல்லச் சிரித்தார். கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"தெரியும், நீ இதைத்தான் சொல்லுவேன்னு. ஒரே ஒரு தடவை பொய் சொல்லிப் பாரேன்னுதான் வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு யென் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்த மண்டபத்தில் நண்பர்கள் காசு கொடுப்பதில்லை. உன் புத்தகத்தை நான் எடுத்துக்கொள்வேன், என்னுடையதை நீ எடுத்துக்கொள். காசு கொடுப்பவர் வாடிக்கையாளர். நிவா நாணயத்தைத் திருப்பித் தள்ளினார். மிகுனி இரண்டு விரலால் அதை மறுபடி முன்னே நகர்த்தினார், புத்தகத்தை எடுத்துக்கொண்டார், எல்லாரையும் போல ஒருமுறை வணங்கிவிட்டுப் போனார்.

நிவா நாணயத்தைத் தகரப் பெட்டியில் போட்டார். விற்காத பிரதிகள் மேசையில் உயரமாக இருந்தன. பேனாவை எடுத்தார்.

முதல் பிரதியைத் திறந்து, மௌனத்தைப் புகழும் பக்கத்தில் மிகுனியின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். கட்டம் போட்ட பெண்ணின் பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை. கைப்பேசியில் தேடி எடுத்து மேலே எழுதினார். அடுத்த பிரதி. அந்தக் கட்டுரையில் பெயர் நிறைய இடத்தில் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் அடித்தார். கடைசிப் பத்தியில், 'இவர் நம்மை நம்பக் கற்றுக்கொண்டார்' என்ற வரியில் மட்டும் பேனா நின்றது. பிறகு அதையும் அடித்தார். அதன் மேல் எழுத ஒன்றும் இல்லை.

"வந்தவரு திரும்பி வருவாரா?" என்று ஹொசொனோ மெதுவாகக் கேட்டாள்.

நிவா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "பையை வெச்சுக்கங்க. காலுக்கு இடைஞ்சலா இருக்கும்."

சந்தை முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வழக்கம் போல மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது. நிவா பேனாவை வாயில் கவ்விக்கொண்டு தானும் கைதட்டினார். பிறகு உட்கார்ந்து அடுத்த பிரதியைத் திறந்தார்.