பதினாறு போனும் ஒரே கதவும்

மாடியில் போன் வைத்துப் பிழைக்கிற அக்காவும் அவள் நாத்தனாரும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள் என்பதுதான் முதலில் வந்த செய்தி. நாத்தனார்க்காரி பொறாமையில் தினமும் போன் கேபிள்களைப் பிடுங்கிவிட்டாளாம், அண்ணிக்காரி கையும் களவுமாகப் பிடித்தாளாம், முடியைப் பிடித்து இழுத்துப் படியில் தள்ளினாளாம். கீழ்க்கடைத் தையல்காரர் "தடால்"னு ஒரு சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டார். டீக்கடைக்குப் போவதற்குள் அந்தத் தடால் மூன்று தடால் ஆகிவிட்டது. அடுத்த தெருவை எட்டியபோது நாத்தனாருக்குக் கை முறிந்து கட்டும் போட்டாயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பீர்கள். நெருப்பு இருந்தது. ஆனால் எரிந்தது வேறு அடுப்பு. உள்ளது உள்ளபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் நாலு பேரிடம் போய்ச் சொல்லுங்கள். எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள்.

தெருவே அவளைப் போன் அக்கா என்றுதான் கூப்பிடும். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. அதில் ஒரு வாரத் தூக்கத்தைப் போட்டு வைக்கலாம், அவ்வளவு இடம். காலையில் எழுந்து மாமனாருக்கு மாத்திரை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, புருஷனுக்குச் சட்டை தேடிக் கொடுப்பது (சட்டை எப்போதும் அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் முதுகிலேயேதான் கிடக்கும்) எல்லாம் முடித்து, தையல்கடைக்கு மேலே இருக்கிற அறைக்கு வந்து நாற்காலியில் உட்காரும்போதே அவளுக்குச் சாயங்காலம் ஆன மாதிரி இருக்கும்.

அந்த அறையில் ஒரு மரச்சட்டம். அதில் பதினாறு போன், பழசும் புதுசுமாக, கண்ணாடி கீறினது, முதுகு உப்பினது, எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பி மூலையில் உள்ள ஒரே கம்ப்யூட்டருக்குப் போகும். யாரோ ஒரு கம்பெனி பஸ் டிக்கெட் எடுக்கிற ஆப் ஒன்று செய்கிறது. அந்த ஆப் எல்லாப் போனிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வது இவள் வேலை. கையால் அமுக்கிப் பார்ப்பதில்லை. பதினாறு போனில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை டிக்கெட் எடுத்தால் விரல் தேய்ந்துவிடும். அதற்கென்று ஒரு டூல் இருக்கிறது. 'ஆப்பைத் திற, இந்தப் பொத்தானை அமுக்கு, வந்ததைப் படித்துச் சொல்' என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டால் (அதற்குப் பேர் ஸ்கிரிப்ட்) அதுவே ஓட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த டூல் போனிடம் நேரே பேசாது. அப்பாவிடம் கேட்கப் பயந்த பிள்ளை அம்மா வழியாகக் கேட்கிறதில்லையா, அது மாதிரி. மூலைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். அதற்கு முகம் கிடையாது, திரையில் தெரியாது, பின்னாடியே கிடக்கும். அதற்கு ஒரே ஒரு கதவு. எந்த டூலாக இருந்தாலும் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். சர்வர் சேதியை வாங்கி, கேபிள் வழியாக அந்தந்தப் போனுக்குள் இருக்கிற எடுபிடியிடம் கொடுக்கும். எடுபிடி வேலையைச் செய்து பதிலைத் திருப்பி அனுப்பும். அந்தச் சர்வர் கண்ணை மூடினால் பதினாறு போனும் அனாதை.

வேலை ஒற்றை ஆளுக்குத் தாங்கவில்லை. அதனால் நாத்தனாரைக் கூப்பிட்டுக்கொண்டாள். புருஷனின் தங்கை, வாய் நீளம், கையும் வேகம். இருந்த வேலையை விட்டுவிட்டு அண்ணி கூப்பிட்டாளே என்று வந்தவள். அவளுக்குத் தனி மேஜை, தனித் திரை. போன்களின் திரையை அப்படியே பெரிதாக்கிக் காட்டுகிற இன்னொரு டூல் அவளிடம். எழுத்து வெட்டுப்படுகிறதா, பொத்தான் நகர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பாள். இரண்டு பேரும் தங்கள் மேஜையிலிருந்தே அந்த மூலைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் டூலை ஓட்டுவார்கள்.

அவள் வந்தபின் போன் அக்கா மத்தியானம் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

அப்புறம்தான் பிடித்தது சனி. டெஸ்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பாதியில் போன் எதையும் காணோம் என்று சொல்லி நிற்கும். மறுபடி ஓட்டுவாள். மறுபடி நிற்கும். கம்பெனி மேலாளர் போனில் மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், ரிப்போர்ட் எப்பவும் பாதிலயே நிக்குது. வியாழக்கிழமை காலைல எங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

வேறு இடம் பார்த்துவிட்டால் இந்த அறையும் இல்லை, நாத்தனாருக்கு வேலையும் இல்லை. தன் வேலையை விட்டுவிட்டு வந்தவளை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது?

அந்த யோசனையில்தான் அவள் கண் தப்பான இடத்துக்குப் போனது. டெஸ்ட் நிற்கும், இவள் திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டுவாள், நிமிர்ந்து பார்த்தால் நாத்தனார் மரச்சட்டத்தருகே நிற்பாள், கை கேபிளில் இருக்கும். ஒரு தடவை என்றால் தற்செயல். தினமுமா?

வீட்டில் புருஷனிடம் ஜாடையாகச் சொன்னாள்.

"உங்க தங்கச்சி அடிக்கடி அந்த ஒயர்கிட்டயே நிக்கிறா."

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ரேடியோவப் பிரிச்சுப் போட்டுடுவா," என்றார் அவர், பெருமையாக. "என் நீலச் சட்டை எங்க?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி."

ஒரு நாள் நாத்தனார் பல்வலி என்று லீவு போட்டாள். அன்றைக்கென்று டெஸ்ட் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு இடறலும் இல்லாமல் ஓடியது. பதினாறு போனும் சமர்த்துப் பிள்ளைகளாக டிக்கெட் எடுத்துத் தள்ளின. அக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாத்தனாரின் காலி நாற்காலியையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் கன்னம் வீங்க வந்தவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"நேத்து நீ இல்ல. ஒண்ணுகூட நிக்கல."

"நல்லதுதானே அண்ணி."

"ஏன்னு யோசிச்சியா?"

நாத்தனார் பையைக் கீழே வைத்தாள். "என்ன சொல்ல வரீங்க?"

"கேபிள்ல எதுக்குக் கை வைக்கிறே?"

"லூசாயிருக்கோன்னு அமுக்கிப் பாக்கறேன்."

"நீ அமுக்குறப்பல்லாம் என் டெஸ்ட் போகுது."

"அப்ப நான் புடுங்கறேங்கறீங்க." வீங்கின கன்னத்தோடு அவள் சிரித்த சிரிப்பு கோணலாக விழுந்தது. "எனக்கு என்ன ஆதாயம்? உங்க பொழப்புல மண்ணு விழுந்தா எனக்குத் தங்கமா வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவ நீதான்."

அவ்வளவுதான். நாத்தனார் பையை வெடுக்கென்று தூக்கினாள். பை வாரில் மாட்டி, சார்ஜர் போட்டு வைத்த பிளாஸ்டிக் கூடை அலமாரி மேலிருந்து விழுந்தது. அதுதான் அந்தத் தடால். ஒன்றே ஒன்று. மூன்று இல்லை.

வியாழக்கிழமை வந்தது. கோபித்துப் போனவள் திரும்பவில்லை, அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே ஆறிக்கொண்டிருந்தது. டெஸ்டை ஓட்டிவிட்டாள், அழகாக ஓடியது. மேலாளர் போனில் வந்தார்.

"ரிப்போர்ட் ஓடுறது சரி மேடம். போன் திரையையும் கொஞ்சம் காட்டுங்க, எங்க ஆளுங்க பாக்கணும்."

திரை காட்டுகிற டூல் நாத்தனாருடையது. அக்கா எழுந்து அவள் மேஜைக்குப் போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முதன்முறையாகத் தன் கையாலேயே அதைத் திறந்தாள்.

பொத்தென்று டெஸ்ட் நின்றது. பதினாறும் போச்சு.

மரச்சட்டத்தருகே யாரும் இல்லை. கேபிளை யாரும் தொடவில்லை. அறையில் இருந்த ஒரே ஜீவன் இவள்தான்.

"மேடம்? நின்னுடுச்சா?"

"சாயங்காலம் காட்டறேன் சார்."

"சாயங்காலம் கடைசி," என்றார். வைத்துவிட்டார்.

அக்கா அந்த நாற்காலியில் இருந்தபடியே, நாத்தனாரின் டூல் திறந்த கறுப்பு விண்டோவில் மேலே மேலே ஓடிப்போயிருந்த வரிகளைப் படித்தாள். மாசக்கணக்கில் தினமும் நாத்தனார் கண்ணெதிரே ஓடினதுதான். ஓடுகிற வரியை யார் படிக்கிறார்கள்? அதில் இருந்தது: இருக்கிற சர்வர் வேறு வர்ஷன், இந்த டூலுக்குச் சேராது, அதனால் கொன்றுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறேன்.

விஷயம் இதுதான். நாத்தனாரின் டூல், சமையல்காரியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்த மருமகள் மாதிரி, தனக்கென்று ஒரு சர்வரைத் தன் மூட்டைக்குள்ளேயே வைத்திருந்தது, பழைய வர்ஷன். கதவைத் தட்டும், உள்ளே இருப்பது நம் ஆள் இல்லையென்றால் தீர்த்துவிட்டுத் தன் ஆளை உட்கார வைக்கும். அக்காவின் டெஸ்ட் பேசிக்கொண்டிருந்த சர்வர் நடுப்பேச்சில் செத்துப்போகும். ஒரே உறையில் இரண்டு கத்தி.

அக்காவின் டூல் மட்டும் என்ன யோக்கியமா? அவள் எழுதி வைத்த ஸ்கிரிப்டில் முதல் வரியே 'சர்வரைக் கொன்றுவிட்டு எழுப்பு' என்பதுதான். அவள் முன்பு வேலை பார்த்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எது சிக்கினாலும் முதலில் கொல், பிறகு பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, இவளும் கேட்கவில்லை. ஆக, டெஸ்ட் நின்றதும் இவள் மறுபடி ஓட்டுவாள். முதல் வரி நாத்தனாரின் சர்வரைக் கொல்லும். அவள் திரை இருளும். கேபிள் லூசு என்று நினைத்து அவள் எழுந்துபோய் அமுக்குவாள். திரும்பி வந்து டூலைத் திறப்பாள். அது இவள் சர்வரைக் கொல்லும். நாத்தனார் உடைத்தால் பொன்குடம், தான் உடைத்தால் மண்குடம் என்று இத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

அக்கா கறுப்பு விண்டோவை மூடினாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்தாள்.

நாத்தனார் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கேபிள் இல்ல," என்றாள் அக்கா. "ரெண்டு டூலும் ரெண்டு வர்ஷன். ஒண்ண ஒண்ணு கொல்லுது. நீ ஒண்ணும் பண்ணல."

"அத நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே. வா."

"வரமாட்டேன்."

அக்கா வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள்.

"என் திரை தினமும் கறுப்பாகும் அண்ணி," என்றாள் நாத்தனார், கிளிப்பைப் பல்லில் கடித்தபடி. "நீங்கதான் வேணும்னே அணைக்கறீங்கன்னு நெனச்சேன். அண்ணியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க மூடல."

"மூடல. தப்புதான். எனக்கு ஒண்டியா முடியல. வா."

"அந்தக் கொல்ற வரிய என் கண்ணு முன்னாடி அழிக்கணும்."

"அழிக்கறேன்."

"இந்தப் போர்வையப் புடிங்க, ரெண்டு பேரா பிழிஞ்சாத்தான் தண்ணி போகும்."

பிழிந்தார்கள். அப்புறம் போனார்கள். நாத்தனாரின் டூலுக்கு, 'உன் மூட்டையில் இருக்கிறது வேண்டாம், இங்கே இருக்கிற சர்வரையே வைத்துக்கொள்' என்று வழி காட்டிக் கொடுத்தார்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியை அக்கா அழித்தாள், நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். சாயங்காலம் டெஸ்டும் ஓடியது, திரையும் தெரிந்தது. இரண்டு டூலும் ஒரே கதவைத் தட்டின, ஒரே ஆள் பதில் சொன்னான். மேலாளர் கடைசிவரை பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் இன்னும் நாலு போன் சேத்துக்கங்க," என்றார். பாராட்டு அவ்வளவுதான். வேலை போனால்தான் ஓய்வு, தங்கினால் இன்னும் நாலு போன்.

இருவரும் படியிறங்கி வந்தபோது தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் நாத்தனாரின் கையைப் பார்த்தார். கட்டைக் காணோம். முடியைப் பார்த்தார். இருந்தது. மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஏம்மா, ராசியாயிட்டீங்களா? கேபிளப் புடுங்கினத ஒத்துக்கிட்டாளா? முடியப் புடிச்சு இழுத்தியாமே?"

போன் அக்கா கடைசிப் படியில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேபிளை யாரும் புடுங்கல. முடிய யாரும் இழுக்கல. விழுந்தது சார்ஜர் கூடை. அவ கன்னம் வீங்கினது பல்லால. பாதிக் கொலை என் டூல் பண்ணிச்சு, பழிய இவ மேல போட்டவ நான். போய்ச் சொல்லுறதா இருந்தா இதச் சொல்லுங்க. நகருங்க, வீட்டுல சோறு வடிக்கணும்."