பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று

செய்தி வந்தபோது என் கைபேசி லாக்கரில் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஹைட்ராலிக் பம்ப் ஒன்றைக் கழற்றி, எண்ணெய் எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சைக்கிளில் வந்து இறங்கினார். "சார், உங்க வீட்டம்மா வேலை செய்யற கம்பெனிலருந்து போன் மேல போன் வருது. ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க" என்றார். "இந்த பம்ப யாரு மூடறது?" என்று நான் கேட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். மறக்க முயன்றும் முடியவில்லை.

லாக்கரைத் திறந்தபோது பதினேழு அழைப்புகள் இருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் ரேணுகா போய்விட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. டீ நேரத்தில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்திருக்கிறாள். இதை முன்கூட்டியே யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். நான் நம்புகிறேன். நான் வெட்கப்படுவது அதற்காக அல்ல.

அவளோடு ஒயரிங் சோதிக்கும் மேசையில் நின்று வேலை செய்த பெண்கள் நீங்கள் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் போடுவதாகச் சொன்னீர்கள். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தாருங்கள் என்றீர்கள். அவளுடைய நல்லதெல்லாம் என்னைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். ஹாஸ்டலில் காய்ச்சலாய்க் கிடந்தவளுக்கு ரசம் கட்டிக்கொண்டு போனதும், சூப்பர்வைசரைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் சிரிக்க வைத்து முடித்ததும் நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆகவே எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். அது நல்லதாக இருக்காது.

ரேணுகாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பெங்களூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கிருந்து ஊருக்குள் போக, நெரிசலைச் சேர்த்தாலும் இரண்டு மணி நேரம். தினமும் காலையில் போய் மாலையில் திரும்பும் ஆட்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் முதல்முறை அவள் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

"நாப்பது கிலோமீட்டருக்கு யாராவது ரூம் போடுவாங்களா? காலைல போய்ட்டு சாயந்திரம் வந்துடலாம்ல?"

"ஊரப் பாக்கறதுக்குப் போறதில்லைங்க. அந்த ஊர்ல ஒரு நாள் இருக்கறதுக்குப் போறோம்" என்றாள்.

அவள் ஜவளகிரிக்காரி. சின்ன வயதில் அவளுடைய அப்பா கொத்தமல்லியும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது, பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அவளும் வண்டியில் தொற்றிக்கொள்வாளாம். விடிவதற்கு முன் போய்ச் சேர்வார்கள். இறக்கி முடித்ததும் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். "அவ்ளோ பெரிய ஊருக்கு எத்தன வாட்டி போயிருக்கேன்! அது முழிக்கறத மட்டும் ஒரு வாட்டியும் பாத்ததில்ல. ஜன்னலத் தெறந்தா அந்த ஊரு எந்திரிச்சு வரணும், நான் காப்பி குடிச்சுகினே பாக்கணும்" என்பாள். இவ்வளவுதான் அவள் கேட்டது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வழியில், ஒரு நாள் பயணமாக அழைத்துப் போனேன். பார்க்க வேண்டிய இடங்களை எக்ஸெல்லில் பதினான்கு வரிசையாகப் போட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம். எங்கள் பராமரிப்புத் துறையில் எந்த வேலைக்கும் அப்படித்தான் போடுவோம். மூன்றாவது வரிசையிலேயே எல்லாம் நின்றது. விடுமுறைக் கூட்டம் முழுக்க மார்க்கெட் தெருவில் இருந்தது. மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குக் கன்னடம் வராது. திருச்சிப் பக்கத்தில் டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வந்த எனக்கு மெஷின் பாஷை போதும் என்று இருந்துவிட்டேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, "கெளம்பறதுக்கு முன்னாடியே பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருக்கணும்ல? மொத்த பிளானும் போச்சு!" என்று ரேணுகாவிடம் கத்தினேன். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ரேணுகா என்னை விட்டுத் திரும்பினாள். அந்தப் பூக்காரப் பெண்களில் ஒருத்தியிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். அந்த அம்மா எழுந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கே ரேணுகாவையும் அழைத்துப் போனாள். அரை மணி நேரம் கழித்து மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். யாழினியின் தலையில் மல்லிகைச் சரம் இருந்தது. நான் அதுவரை என் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். "வேடிக்க பாக்கறதுக்கு எதுக்குங்க டைம்டேபிளு?" என்று ரேணுகா கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது. அந்த ஊரில் நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஷட்டவுன் லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தொழிற்சாலை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுத பூஜை, பொங்கல் என்று நீண்ட விடுமுறை வரும்போது உற்பத்தி நிற்கும். மற்றவர்கள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். மெஷின் நிற்பது அந்த நாட்களில்தான் என்பதால் பராமரிப்பு ஆட்களில் எட்டுப் பேர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டும். அதற்கு ஷட்டவுன் லிஸ்ட் என்று ஒரு தாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். யாரும் யார் பெயரையும் போடுவதில்லை. இருக்க விருப்பப்படுபவர்கள் தாமே பெயர் எழுத வேண்டும். சலீம் பாய் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் ஆளாக எழுதுவார். ரம்ஜானுக்கு அவர் போக, மற்றவர்கள் அவருக்காக இருப்பார்கள். "நாங்க பாத்துக்கறோம் தம்பி, நீ பொண்டாட்டி புள்ளையோட போய்ட்டு வா" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வார். நான் அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுவேன்.

வீட்டில் வந்து, "லிஸ்ட்ல போட்டுட்டாங்க" என்பேன்.

"போட்டுட்டாங்களா" என்பாள் ரேணுகா. பிறகு, "சரி, நீங்க போலன்னா மெஷின் அழுவும்" என்று சொல்லி யாழினியைச் சிரிக்க வைப்பாள். ஷட்டவுன் மாப்பிள்ளை என்று எனக்குப் பெயரும் வைத்தாள். நான்கு வருடத்தில் ஆறு முறை இது நடந்தது. இந்த ஆயுத பூஜைக்கு லிஸ்ட் ஒட்டியபோதும் நடந்தது. அதற்கும் "போட்டுட்டாங்களா" என்றுதான் சொன்னாள். சிரிக்க வைக்க மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவனிக்கவில்லை.

உள்ளே எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விடுமுறை நாளில் தொழிற்சாலை அமைதியாக இருக்கும். எது கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், எதை மாற்ற வேண்டும் என்று தெரியும். மூன்றாம் நாள் சுவிட்சைப் போட்டால் மெஷின் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்க இருந்தால் எனக்கு அப்படி யாரும் காட்டுவதில்லை என்று நினைத்தேன். என் மனைவியின் ஆசையைவிட அந்தக் கட்டைவிரல் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

அவள் போன மூன்றாம் நாள் சலீம் பாயும் அவருடைய மனைவி மும்தாஜ் அக்காவும் வந்தார்கள். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எத்தன வாட்டி சொன்னேன் தம்பி, பேரு எழுதாத, அந்தப் பொண்ண கூட்டினு போன்னு..." என்றார். ஜவளகிரியிலிருந்து வந்திருந்த என் மாமனார் அருகில்தான் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தரையைப் பார்த்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது மும்தாஜ் அக்காவை வாசலில் நிறுத்தினேன். "அக்கா, லிஸ்ட் விஷயம் ரேணுகாவுக்குத் தெரியுமா?"

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்ப்பா. ரெண்டு வருஷமாத் தெரியும். நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன், அவுங்கவுங்களே எழுதறதுதானேன்னு. அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் அவளே சொன்னா, அவருகிட்ட கேட்டுடாதீங்கக்கா, கூச்சப்படுவாருன்னு."

கூச்சப்படுவேன் என்பதற்காக இரண்டு வருடம் அவள் என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரேணுகாவின் போன் அடித்தது. அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து ஒரு ஓட்டல்காரர், கன்னட வாடையடிக்கும் தமிழில் பேசினார். "ரேணுகா மேடம் பேர்ல சனிக்கிழம ரூம் புக் ஆகியிருக்கு சார். ரோடு பக்கம் ஜன்னல் வேணும்னு கேட்டிருந்தாங்க. கன்ஃபர்ம் பண்ணலாமா?"

"எத்தன பேருக்கு?" என்று கேட்டேன்.

"பெரியவங்க ஒருத்தர், கொழந்த ஒண்ணு. அதுல எதாச்சும் சேஞ்ச் இருக்குதா சார்?"

நான் லிஸ்ட்டில் பெயர் எழுதிய பிறகு அவள் போட்ட பதிவு அது. என்னை விட்டுவிட்டு யாழினியோடு போவதாக முடிவு செய்திருக்கிறாள். என்னிடம் எப்போது சொல்வதாக இருந்தாள், சொல்வதாகவே இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. கோபமாகப் போட்டாளா, அலுத்துப்போய்ப் போட்டாளா என்றும் தெரியாது. இப்போது எங்கள் இருவருக்கும் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

"சேஞ்ச் இல்ல" என்றேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டின் முன் நின்று என் பெயரை அடித்தேன். எழுதும்போது யாரும் பார்த்ததில்லை. அடிக்கும்போது நான்கு பேர் பார்த்தார்கள். சலீம் பாய் பேனாவை வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டார்.

பெங்களூருக்கு அட்டவணை போடவில்லை. யாழினியின் ரஃப் நோட்டில் ரேணுகா மூன்று வரி எழுதி வைத்திருந்தாள். ஜன்னல். நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலில் இட்லி. மெட்ரோவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, நடுவில் இறங்காமல். அவ்வளவுதான் அவளுடைய மொத்தத் திட்டம். கர்நாடக எல்லையில், அட்டிபெலெயில், விடுமுறைக் கூட்டத்தில் பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தேன்.

காலையில் யாழினிதான் முதலில் எழுந்தாள். நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். கீழே பால் வண்டி வந்தது. ஒருவர் கடை ஷட்டரைத் தூக்கி வாசலில் தண்ணீர் தெளித்தார். ஒரு பேருந்து, பிறகு ஐந்து, பிறகு எண்ண முடியாத அளவு. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. ஒரு மெஷின் ஓடத் தொடங்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்ரோவில் கூட்டம் நெருக்கியது. யாழினியை என் இரண்டு கைகளுக்கு நடுவில் நிறுத்தியிருந்தேன். அண்ணாந்து கேட்டாள்.

"அப்பா, நீ ஷட்டவுன் போலியா?"

"போல."

"மெஷின் அழுவாதா?"

"அழுவாதும்மா."

"அப்ப எல்லா வாட்டியும் உம் பேர யாரு போட்டது?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். முன்பு ஒருமுறை இதே ஊரில், இதே போன்ற கூட்டத்தில்தான் அவளுடைய அம்மாவிடம் கத்தினேன். "நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அம்மா உன்னத் திட்டல?"

"தெரியலம்மா" என்றேன். அதற்குள் கடைசி நிறுத்தம் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள்.

பெண்களே, உங்கள் அக்கா உங்களில் ஒருத்தியையும் திட்டாமல் விட்டதில்லை என்கிறீர்கள். ஒயரை மாற்றிச் செருகினால் திட்டுவாளாம், சாப்பிடாமல் வந்தால் திட்டுவாளாம். அந்தத் திட்டு உங்களிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் அதை விட்டுப்போகவில்லை. என்னிடம் இருப்பது அவள் போனில் வந்த ஓட்டல் பதிவு மட்டும்தான். பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று. குழந்தையின் இடத்தில் யாழினி தூங்கினாள். ஜன்னலோரம் இருந்த அந்த இன்னொரு இடத்தில் நான் படுத்திருந்தேன். அது எனக்காகப் போட்ட இடம் அல்ல.